பருந்து மோதிய விமானமும் அதன் நகலும்

1919 நவம்பர் 28ஆம் தேதி கல்கத்தா ரேஸ் கோர்ஸில் இரட்டை என்ஜின் விமானம் ஒன்று வந்து இறங்கியது. வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலியச் சகோதரர்களும் பென்னெட், ஷியர்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகளும் அதில் வந்திருந்தார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவிலிருந்து நவம்பர் 12 அன்று கிளம்பியவர்கள். இங்கிலாந்திலிருந்து 30 நாளுக்குள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து சேருகிற ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு என்று அந்நாட்டு அரசு அறிவித்திருந்தது.

மறுநாள் காலை ரேஸ் கோர்ஸிலிருந்து மேலெழும்பும்போதுதான் வினை வந்தது. மைதானத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த பருந்துகளில் ஒன்று இறக்கையில் மோதியது. இன்னொன்று சுழலியில் அடிபட்டுச் சிறகு சிறகாகச் சிதறியது. மரத்தாலான சுழலி எப்படியோ உடையாமல் தப்பியது. எதிரே இருந்த மரங்களை மயிரிழையில் தாண்டி விமானம் பர்மாவின் அக்யாப் நோக்கிப் போனது. டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கிப் பரிசையும் வாங்கிவிட்டார்கள்.

அந்த விமானத்தின் பெயர் விக்கர்ஸ் விமி. முதல் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மனியின்மேல் குண்டு போடுவதற்காக வடிவமைக்கப்பட்டது. போர் முடிந்துவிட்டதால் தூரப் பயணத்துக்குப் பயன்பட்டது. டார்வின் போய்ச் சேர்ந்த அதே விமானம் இன்று அடிலெய்டு விமான நிலையத்தில் காட்சிக்கு நிற்கிறது. அது இனிப் பறக்காது. 1994இல் பீட்டர் மெக்மில்லன் என்ற அமெரிக்கரும் லாங் கிட்பி என்ற ஆஸ்திரேலியரும் முழு அளவில் ஒரு விமியைப் புதிதாகக் கட்டி, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மறுபடி பறந்தார்கள். சுமத்ராவில் என்ஜின் பழுதாகி வயலில் இறங்க நேர்ந்தும் விடாமல் போய்ச் சேர்ந்தார்கள். அதே நகல் 2005இல் அட்லாண்டிக்கையும் தாண்டியது.

பழைய போர்விமானங்களை இப்படி மறுபடி செய்து பறக்கவிடுவது உலகமெங்கும் ஒரு தனி உலகம். காசுள்ளவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம்; ஓரளவு அது உண்மையும்கூட. ஆனால் ஒரு நகல் விமானம் செய்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஓர் இயற்பியல் பரிசோதனையும் செய்கிறார். வரைபடமும் புகைப்படமும் சொல்லாத சில விஷயங்களை அந்த எந்திரத்தைக் காற்றில் ஏற்றினால்தான் தெரிந்துகொள்ள முடியும். எந்த இடத்தில் நகல் அசலைப் போல நடந்துகொள்கிறது, எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று பார்ப்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

விமியின் இறக்கைகளையே எடுத்துக்கொள்வோம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. மொத்தப் பரப்பு சுமார் 123 சதுர மீட்டர். இன்று கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் இறங்குகிற ஏர்பஸ் ஏ320 விமானத்தின் இறக்கைப் பரப்பும் கிட்டத்தட்ட இதேதான், 122 சதுர மீட்டர் சொச்சம். ஆனால் ஏர்பஸ்ஸின் மொத்த எடை 78 டன் வரை. விமியோ முழுச் சுமையோடு ஐந்தரை டன்னுக்குக் கொஞ்சம் மேல். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் ஏர்பஸ்ஸில் 630 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், விமியில் சுமார் 46 கிலோ தாங்கினால் போதும்.

இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமை குறைவாக உள்ள விமானம் மிக மெதுவாகப் போனாலும் கீழே விழாது. ஏர்பஸ்ஸுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கான்கிரீட் தேவைப்பட, விமிக்குக் குதிரை ஓடும் புல்வெளி போதுமாக இருந்ததன் ரகசியம் இதுதான். இரண்டாம் உலகப்போரில் கல்கத்தா மைதானத்தை ஒட்டிய ரெட் ரோட்டிலிருந்தே ஹரிக்கேன் சண்டை விமானங்கள் ஏறி இறங்கின. அவற்றுக்கும் இன்றைய ஜெட்டுகளோடு ஒப்பிட்டால் சுமை குறைவுதான்.

இந்தச் சௌகரியத்துக்கு விலையும் உண்டு. பெரிய இறக்கை, குறைந்த எடை என்றால் ஒவ்வொரு காற்றுச் சுழிப்பும் விமானத்தைத் தூக்கிப் போடும். அதோடு, அடுக்கு இறக்கைகளைப் பிடித்து நிறுத்த ஏராளமான முட்டுகளும் கம்பிகளும் தேவை. கம்பிதானே, ஒல்லியாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. உருண்டையான கம்பிக்குப் பின்னால் காற்று பிய்ந்துபோய்ச் சுழிக்கும். அந்தச் சுழிப்பு கம்பியைப் பின்னுக்கு இழுக்கும். மீன்போல முன்னே உருண்டு பின்னே கூம்பிய வடிவத்தில் ஒரு முட்டு செய்தால், அது அந்தக் கம்பியைவிடப் பத்து மடங்கு தடிமனாக இருந்தாலும் காற்றின் இழுவை ஏறக்குறைய ஒன்றுதான். முதல் உலகப்போர்க் காலத்து விமானங்களின் என்ஜின் சக்தியில் கணிசமான பங்கு சொந்தக் கம்பிகளோடு மல்லுக்கட்டுவதிலேயே போனது. 360 குதிரைசக்தி ரோல்ஸ் ராய்ஸ் என்ஜின் இரண்டு இருந்தும் விமி மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டத் திணறியதன் காரணம் இது.

திரும்புவதும் சுலபமில்லை. வலப்பக்கம் சாய வேண்டுமானால் இடது இறக்கையின் விளிம்பில் உள்ள மடிப்பு கீழே இறங்கும். அந்தப் பக்கம் தூக்குவிசை கூடும். கூடவே இழுவையும் கூடும். விளைவு, வலப்பக்கம் சாய்கிற விமானத்தின் மூக்கு முதலில் இடப்பக்கம் திரும்பும். இறக்கை நீளமாக ஆக இந்தக் குறும்பு அதிகமாகும். காலால் வால் சுக்கானை மிதித்துத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். இன்றைய பயிற்சி விமானங்களில் பழகிய விமானிக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்த சங்கதி. 20 மீட்டர் அகலத்துக்கு இறக்கை விரித்த ஒரு விமியில் உட்கார்ந்தால் உடம்பால் தெரிந்துகொள்வார்.

நகல் பொய் சொல்கிற முதல் இடம் என்ஜின். 1994இன் விமியில் ரோல்ஸ் ராய்ஸுக்குப் பதில் ஷெவர்லே காரின் வி8 என்ஜின்கள் இருந்தன. இதைக் குறை சொல்ல முடியாது. நூறு வயது என்ஜினை நம்பி யார் கடல் தாண்டுவார்கள்? இரண்டாம் உலகப்போரின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட்டுக்கு அமெரிக்காவில் நகல்கள் செய்தபோது, பழைய என்ஜினின் கூட்டுக்குள் புதிய ஜெனரல் எலெக்ட்ரிக் என்ஜினை ஒளித்துவைத்தார்கள். அசல் என்ஜின் இருபத்தைந்து மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயம்.

ஆனால் சில விமானங்களில் என்ஜினை மாற்றினால் விமானமே வேறாகிவிடும். முதல் உலகப்போரின் சண்டை விமானமான சாப்வித் கேமல் அப்படிப்பட்டது. அதில் இருந்தது சுழல் என்ஜின். நடுத்தண்டு விமானத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். ஒன்பது சிலிண்டர்களும் சுழலியோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றும். விமானத்தின் மூக்கில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது என்றால் அது ஒரு ராட்சதப் பம்பரம். சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது தொண்ணூறு பாகை தள்ளி வேறு பக்கம் சாயும். கேமலை இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மேலே போகும். வலப்பக்கம் திருப்பினால் கீழே குத்தும். கவனம் பிசகிய பயிற்சி விமானிகள் பலரை அது கொன்றிருக்கிறது. சிலிண்டர் அசையாத சாதாரண என்ஜின் பொருத்திய கேமல் நகல், பார்க்க அச்சு அசலாக இருந்தாலும், இந்தக் குணம் இல்லாத சாதுவான பிராணி. நியூசிலாந்தில் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் நடத்தும் பட்டறை சுழல் என்ஜின்களையே புதிதாக வார்த்துச் செய்வதற்குக் காரணம் இதுதான். அந்த என்ஜின்களுக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாத எண்ணெய் அது ஒன்றுதான் அன்று கைக்கெட்டியது. எரியாத எண்ணெய் விமானியின் முகத்தில் தெளித்துக்கொண்டே வரும். அதன் மருத்துவப் பலன் என்னவென்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கேமலோடு கூடவே பறந்த இன்னொரு பிரிட்டிஷ் விமானம் எஸ்.இ.5ஏ. அதற்குக் கல்கத்தாவோடு நேரடி உறவு உண்டு. இந்திரலால் ராய் 1898 டிசம்பர் 2 அன்று கல்கத்தாவில் பிறந்தவர். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் சேர விண்ணப்பித்தார். கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். மோட்டார் சைக்கிளை விற்றுப் பெரிய கண் மருத்துவரிடம் மறு சோதனை செய்துகொண்டு உள்ளே நுழைந்தார் என்று சொல்வார்கள். 1917 நவம்பரில் எஸ்.இ.5ஏ ஒன்றில் விபத்துக்குள்ளாகிப் பல மாதம் படுத்தார். மறுபடி 1918 ஜூனில் 40ஆம் ஸ்குவாட்ரனில் சேர்ந்து, ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள். ஜூலை 22 அன்று பிரான்ஸில் கார்வின் நகருக்கு மேலே ஜெர்மன் ஃபோக்கர் விமானங்களோடு நடந்த சண்டையில் உயிரிழந்தார். வயது 19. டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் இறந்த பிறகு கிடைத்தது. எஸ்தவெல் கிராமத்து இடுகாட்டில் அவர் கல்லறையில் வங்க மொழியிலும் பொறித்திருக்கிறார்கள்.

அவர் ஓட்டிய வகை விமானம்தான் உலகத்தில் அதிகம் நகலெடுக்கப்படும் முதல் உலகப்போர் விமானங்களில் ஒன்று என்பது தற்செயல் இல்லை. எஸ்.இ.5ஏயில் சுழல் என்ஜின் கிடையாது. 200 குதிரைசக்தி தரும், தண்ணீரால் குளிரும் வி8. பம்பர வித்தை எதுவும் இல்லாமல் நிதானமாகப் பறக்கும். உடல் வளைவு நெளிவு இல்லாத நேர்க்கோடுகளால் ஆனது. வீட்டுக் கொட்டகையில் மரவேலை தெரிந்தவர் செய்துவிடலாம். 1970 வாக்கில் கனடாவில் இதற்கு 85 சதவீத அளவில் ஒரு வரைபடம் தயாரித்து விற்றார்கள். பல நாடுகளில் ஆர்வலர்கள் அதை வைத்துச் செய்து பறந்தார்கள்.

ஏன் 85 சதவீதம்? மலிவாக எளிதில் கிடைக்கிற 85 குதிரைசக்தி கான்டினென்டல் என்ஜின் அதைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சுருக்குவதில் ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் 0.85 ஆனால் இறக்கைப் பரப்பு அதன் வர்க்கம், 0.72. கன அளவும் அதோடு எடையும் 0.61 ஆகும். எடை பரப்பைவிட வேகமாகக் குறைவதால், சதுர மீட்டருக்கான சுமையும் குறையும். நகல் அசலைவிட இன்னும் மெதுவாகப் பறக்கலாம். இதுவரை லாபம். விமானி மட்டும் சுருங்க மாட்டார். 900 கிலோ அசலில் 75 கிலோ மனிதர் எட்டு சதவீதம். 520 கிலோ நகலில் அவர் பதினான்கு சதவீதம். அவர் உட்காரும் இடமும் சுருங்கியதால் தோள் இரண்டு பக்கமும் உரசும். தொலைவிலிருந்து பார்த்தால் தலை பெரிதாகத் தெரியும். நகல் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தத் தலைதான். வேகமும் அசலின் மணிக்கு 220 கிலோமீட்டரை எட்டாது. ராய் எப்படிச் சண்டை போட்டார் என்று இதை ஓட்டித் தெரிந்துகொள்ள முடியாது. அவர் எப்படிப்பட்ட சட்டத்துக்குள் உட்கார்ந்தார், காற்று எப்படி முகத்தில் அறைந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

அசல் எஸ்.இ.5ஏக்கள் சில இன்றும் மிஞ்சியிருப்பதற்குத் தனியார் விமானத் தொழிலே காரணம். போர் முடிந்ததும் ஜாக் சாவேஜ் என்பவர் கழித்துப்போட்ட சில எஸ்.இ.5ஏக்களை வாங்கி, 1922இல் வானத்தில் புகையால் விளம்பரம் எழுதும் தொழில் தொடங்கினார். அவரிடம் இருந்த ஒன்று இங்கிலாந்தின் ஷட்டில்வொர்த் அருங்காட்சியகத்தில் இன்றும் பறக்கும் நிலையில் இருக்கிறது.

தனியார் பறத்தல் பரவியதே போரின் மிச்சத்திலிருந்துதான். 1925இல் வந்த டி ஹாவிலண்ட் மாத் விமானத்தின் என்ஜின், போரில் மிஞ்சிய வி8 என்ஜின்களைப் பாதியாக்கிக் கிடைத்த நான்கு சிலிண்டர் என்ஜின். அந்த மாத்களோடுதான் 1920களின் கடைசியில் கராச்சி, டெல்லி, பம்பாய், கல்கத்தா நகரங்களில் ஃப்ளையிங் கிளப்புகள் தொடங்கின. மெட்ராஸ் சற்றுப் பின்னால் வந்தது. ஜே.ஆர்.டி. டாட்டா 1929 பிப்ரவரியில் விமானி உரிமம் பெற்றது இந்த அலையில்தான். மெட்ராஸுக்கு இன்னும் பழைய பெருமை ஒன்று உண்டு: 1910 மார்ச்சில் ஹோட்டல் முதலாளி ஜாகோமோ டாஞ்செலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் செய்த தன் விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். சொந்தமாக விமானம் செய்கிற ஆசை இங்கே புதிதில்லை.

பழைய விமானத்தைத் திருப்பிச் செய்வதில் நம் மண்ணின் கதை பிகானீரில் இருக்கிறது. முதல் போர் முடிந்ததும் பிரிட்டன் தன்னிடம் மிஞ்சிய விமானங்களைக் காலனிகளுக்குப் பரிசாகக் கொடுத்தது. அப்படி வந்த டிஎச்9 குண்டுவீச்சு விமானங்கள் சில பிகானீர் மகாராஜாவிடம் போயின. எண்பது வருஷத்துக்குப் பிறகு, அரண்மனை யானை லாயத்தில் அவற்றின் எலும்புக்கூடுகளை ஓர் ஆங்கிலேய விமான ஆர்வலர் கண்டுபிடித்தார். மரத்தைக் கரையான் தின்றிருந்தது. உலோகப் பாகங்கள் தங்கியிருந்தன. இங்கிலாந்து கொண்டுபோய்ப் புது மரம், புதுத் துணி போட்டார்கள். ஒன்று டக்ஸ்ஃபோர்டு போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது, இன்னொன்று 2019இல் பறந்தது. இது அசலா, நகலா? திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோனது. புது மரத்தில் செய்துதான் ஓடுகிறது. அதை யாரும் நகல் என்று சொன்னதில்லை. விமான உலகத்தில் பதிவு எண் பொறித்த ஒரு தகடு மிஞ்சியிருந்தாலே அது அசல் என்று விலை ஏறிவிடுகிறது. இந்த விஷயத்தில் எனக்குத் தேர்க்காரர்களின் நேர்மை பிடித்திருக்கிறது.

மரம் என்றதும் கல்கத்தாவின் தட்பவெப்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாஸ்கிட்டோ என்ற ஒட்டுப்பலகை விமானம் இரண்டாம் உலகப்போரில் கல்கத்தாவின் அலிப்பூர் தளத்திலிருந்து உளவுப் படம் எடுக்கப் பறந்தது. 1944 அக்டோபர், நவம்பரில் இந்தியாவில் சில மாஸ்கிட்டோக்களின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்தது. இங்கே இருந்த அந்த வகை முழுவதையும் தரையிலே நிறுத்திவைத்தார்கள். வெயிலும் ஈரமும் பசையைக் கெடுத்தன என்பது முதல் சந்தேகம். ஆரம்பகாலத்து மாஸ்கிட்டோக்களில் பாலின் புரதத்திலிருந்து எடுத்த கேசீன் பசை. ஈரம் பட்டால் அதில் பூஞ்சை பிடிக்கும். பிறகு ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். விசாரணையின் முடிவில் பெரிய பழி விழுந்தது தொழிற்சாலையில் சரியாகப் பொருந்தாத ஒட்டுகளின் மேல்தான். ஒட்டின்மேல் கூடுதலாக ஒரு பலகைப் பட்டி வைத்துச் சரிசெய்தார்கள். 2012இல் நியூசிலாந்தில் புது மரத்தில் மீண்டும் கட்டிய மாஸ்கிட்டோ பறந்தபோது அதில் இருந்தது ஈரத்தைச் சட்டை செய்யாத இன்றைய செயற்கைப் பசை. நகல் சொல்லும் பொய்களில் இது நல்ல பொய். விமானி உயிரோடு இறங்க வேண்டுமே. லினன் துணிக்குப் பதில் பாலியெஸ்டர் போடுவதும் அதே கணக்கு.

இந்தியாவில் இப்படி ஒன்றைச் செய்து பறப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அமோல் யாதவின் கதை போதும். மும்பையின் இந்த விமானி தன் அடுக்குமாடி வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பதிவு 2017இல் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் துலேயில் அது தரையைவிட்டு எழும்பியது 2020இல். விமானம் கட்டுவதைவிடத் தாளுக்கு அலைவது பெரிய வேலை. பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான ஏவ்காஸ் பெட்ரோலை 2022 வரை முழுக்க இறக்குமதி செய்தோம். அந்த ஆண்டுதான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்க ஆரம்பித்தது. விமானப்படை தன் பழைய டைகர் மாத்தையும் டகோட்டாவையும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவர இங்கிலாந்துப் பட்டறைகளைத்தான் நாட வேண்டியிருந்தது.

பறக்கும் நகலுக்கு இத்தனை தடை. தரையில் நிற்கும் நகலுக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. இந்திரலால் ராய்க்குக் கல்கத்தாவின் பவானிபூரில் தெரு இருக்கிறது, 1998இல் அஞ்சல்தலையும் வந்தது. ஷிப்பூரிலும் கரக்பூரிலும் விமானப் பொறியியல் துறைகள் உள்ளன. நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் உண்டு. இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு ப்ராஜெக்டாகக் கொடுங்கள்: ராய் ஓட்டிய எஸ்.இ.5ஏ, சுருக்கியதல்ல, முழு அளவு, எட்டு மீட்டர் அகலம். மரத்தை இழைத்து, கம்பியை முறுக்கி, துணி போர்த்திப் பார்க்கட்டும். வேலை முடிந்ததும் அதைக் கல்கத்தாவில், நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிறுத்துங்கள்.